லைன்தான் முதலில் பழுதாகும்: தோட்டத்து மாதிரி ரயில்களைப் பராமரிப்பதும் பழுதுபார்ப்பதும்

ஜேர்மனியின் வடரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில், என் பெரியப்பாவின் வீட்டுப் பின்வளவில் ஒரு ரயில் பாதை இருக்கிறது. அப்பிள் மரத்தைச் சுற்றி, தக்காளிப் பாத்தியைத் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் பாதை. அதில் ஓடுவது பச்சை நிறச் சிறு நீராவி எஞ்சின் ஒன்றின் மாதிரி. கடந்த கோடையில் நான் அங்கே போயிருந்தபோது அது ஓடவில்லை.

“எஞ்சின் பழுதாப்போச்சு போல” என்றேன். பெரியப்பா எஞ்சினைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து தண்டவாளத்தை விரலால் தடவி, விரலில் ஒட்டிய கறுப்பை எனக்குக் காட்டினார்.

“எஞ்சின் பழுதாகிறது குறைவு தம்பி. லைன்தான் முதலில பழுதாகும்.”

அவர் இதைச் சொல்லத் தகுதியானவர். அவருடைய தகப்பன், அதாவது என் அப்பப்பா, கொடிகாமம் பக்கத்தில் ரயில் பாதைப் பராமரிப்பு வேலை செய்தவர். சிறு வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது பெரியப்பாதான். நான் பிறந்தது 1990இல். அந்த ஆண்டு யூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. திரும்பி வந்தது 2014 ஒக்ரோபர் 13இல். அப்போது எனக்கு 24 வயது. ரயில் பாதை எப்படி உயிரோடு வைத்திருக்கப்படுகிறது என்பதை நான் ஊரில் பார்க்கவில்லை. பெரியப்பாவின் தக்காளிப் பாத்தி அருகில்தான் பார்த்தேன்.

பெரியப்பாவுக்கு இப்போது கைநடுக்கம். சின்னத் திருகாணிகளை அவரால் பிடிக்க முடிவதில்லை. அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, மூன்று வாரம் என் கைகள் வேலை செய்தன. அவரிடம் ஒரு கொப்பி உண்டு. எப்போது துடைத்தது, எந்தச் சில்லு மாற்றியது, எந்த மூட்டு விட்டது என்று இருபது வருடக் குறிப்புகள் அதில் இருக்கின்றன, எல்லாம் தமிழில். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு ஜேர்மன் கைநூல்களை வாசிக்க வராது. புலம்பெயர்ந்த எத்தனையோ வீடுகளின் பரணில், பிள்ளைகளுக்காகப் பழைய சாமான் சந்தையில் வாங்கிய இப்படியான ரயில்கள் பெட்டிக்குள் கிடக்கும். அவற்றைத் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்காக, அந்தக் கொப்பியில் இருப்பதையும் நான் கற்றதையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

எந்த ரயில் இது?

தோட்டத்தில் ஓடும் பெரிய மாதிரி ரயில்களில் அதிகம் கண்ணில் படுவது எல்.ஜி.பி. ‘லேமன் பெரிய ரயில்’ என்பதன் ஜேர்மன் சுருக்கம் அது. அந்த நிறுவனத்தின் கதை நமக்கு அந்நியமானதல்ல. ஏர்ன்ஸ்ட் பவுல் லேமன் 1881இல் பிரண்டன்பேர்க் நகரில் தகர விளையாட்டுப் பொருட்கள் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த நகரம் சோவியத் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தது. தொழிற்சாலை உரிமையாளர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அதை நடத்திய யோகான்னஸ் ரிக்டர் மேற்கே போய், 1951இல் நூர்ன்பேர்க்கில் மறுபடி தொடங்கினார். 1968இல் அதே நகரின் விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் எல்.ஜி.பி. அறிமுகமானது. மழையிலும் வெயிலிலும் வெளியில் ஓடக்கூடிய ரயில் என்பதுதான் அதன் பெயரை நிலைநிறுத்தியது. 2006இல் நிறுவனம் வங்குரோத்தானது. அடுத்த ஆண்டு மேர்க்லின் நிறுவனம் அதை வாங்கியது. 1970களில் செய்த எஞ்சின் ஒன்று இன்று விற்கும் தண்டவாளத்திலும் ஓடும். பழையதைத் திருத்துவதில் பயன் இருப்பது இதனால்தான்.

பெரியப்பாவின் பச்சை எஞ்சின், ஒஸ்திரியாவின் ஸ்டைன்ஸ் என்ற சிறு பாதையில் ஓடிய எஞ்சினைப் பார்த்துச் செய்தது. எல்.ஜி.பி.யின் முதல் எஞ்சினும் அதுவே.

அளவுக் கணக்கு

இந்த ரயில்களின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான உள் அகலம் 45 மில்லிமீற்றர். எல்.ஜி.பி.யின் அளவு 1:22.5. ஒரு மீற்றர் அகலப் பாதையை 22.5ஆல் பிரித்தால் 44.4 மில்லிமீற்றர் வரும், அதனால்தான் 45. அதே 45 மில்லிமீற்றர் பாதையில் 1:32, 1:29, 1:20.3 என்று வேறு அளவு ரயில்களும் ஓடுகின்றன. ஆகவே பழைய பெட்டிகளோ உதிரிப்பாகமோ வாங்கும்போது பாதை அகலத்தை மட்டும் கேட்காமல், அளவையும் கேளுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினை விடப் பெட்டி உயரமாக நிற்கும்.

இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். 45 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் யாழ்தேவியைச் சரியான விகிதத்தில் செய்ய வேண்டுமென்றால் ஏறத்தாழ 1:37 என்ற அளவில் செய்ய வேண்டும். கடையில் அது கிடைக்காது. பெரியப்பா கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

தண்டவாளம்

மின்சாரம் தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. ஒரு தண்டவாளம் நேர், மற்றது எதிர். வெளியில் போடும் தண்டவாளம் பெரும்பாலும் பித்தளை, எல்.ஜி.பி. தண்டவாளத்தின் உயரம் சுமார் 8.4 மில்லிமீற்றர். பித்தளை மேல் களிம்பு பிடிக்கும். மரப்பால், இலைச் சாறு, எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து ஒரு படலமாகும். எஞ்சின் விக்கி விக்கி ஓடினால், தட்டினால் மட்டும் நகர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் படலத்தைத்தான்.

துடைப்பதற்கு, சட்டி தேய்க்கும் பச்சை நார்த்துண்டை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தாலே போதும். நீளமான பாதை என்றால், சுவர் தேய்க்கும் நீண்ட பிடியுள்ள கருவியில் அதைப் பொருத்தி நின்றபடியே தேய்க்கலாம். மிக நுண்ணிய அரத்தாளை அவசியமானபோது மட்டும் பாவியுங்கள். கரடான அரத்தாள் போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகத் தங்கும்.

இரும்புப் பஞ்சு கூடவே கூடாது. நான் செய்த பிழை இது. பெரியப்பா நித்திரையாக இருந்த ஒரு மத்தியானம், சமையலறையில் இருந்த இரும்புப் பஞ்சை எடுத்துப் பாதை முழுவதும் பளபளக்கத் தேய்த்துவிட்டேன். உதிர்ந்த மெல்லிய இரும்பு நூல்களை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொண்டது. எஞ்சின் இரண்டு சுற்று ஓடி, கருகிய மணம் விட்டு நின்றது. அதைக் கழற்றித் துப்புரவாக்க ஒரு நாள் போனது. பெரியப்பா ஏசவில்லை. கொப்பியைத் தந்து, “திகதி போட்டு எழுது” என்றார். எழுதினேன்.

அடுத்தது மூட்டு. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு நாளடைவில் தளர்ந்து உள்ளே களிம்பு பிடிக்கும். எஞ்சின் ஓரிடத்தில் வேகமாகவும் தூரத்தில் மெதுவாகவும் ஓடினால் மின்சாரம் மூட்டுகளில் இழக்கப்படுகிறது என்று பொருள். அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மூட்டைக் கழற்றித் துப்புரவாக்கி, மின் கடத்தும் பசை பூசிப் போடுவது. இரண்டு, திருகாணியால் இறுக்கும் பித்தளைப் பிடிகளை மாட்டுவது. மூன்று, மூட்டின் இரு பக்கத்தையும் சிறு செப்புக் கம்பியால் ஈயம் வைத்து இணைப்பது. நீண்ட பாதைக்கு ஒரே இடத்தில் மின்சாரம் கொடுக்காமல் பல இடங்களில் கொடுப்பதும் நல்லது.

பித்தளை வெயிலில் நீளும். 10 மீற்றர் பாதை, காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையே 30 பாகை மாறினால் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளும். அதற்கு இடம் விடாமல் சிலிப்பர்களை ஆணி அடித்து இறுக்கினால் பாதை பாம்பு போல் வளையும். ஆகவே பாதையைச் சல்லிக் கற்களுக்குள் மிதக்க விட வேண்டும். உருண்டைக் கூழாங்கல் சரிவராது; முனையுள்ள உடைகல்தான் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். உண்மையான பாதைக்கும் இதே காரணத்துக்காகத்தான் உடைகல் போடுகிறார்கள். ஒவ்வொரு மழைகாலத்துக்குப் பிறகும் மட்டப் பலகையைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பாதை ஏறி இறங்குவதை எஞ்சின் ஓரளவு பொறுக்கும். ஒரு பக்கம் சரிந்தால் தடம் புரளும்.

சில்லுகள்

தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சில்லுகளைத் துடைக்காமல் விட்டால், அழுக்கு ஒரே நாளில் திரும்பி வரும். எஞ்சினை மென்மையான துணியில் கவிழ்த்து வைத்து, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு சில்லையும் துடையுங்கள். சில எஞ்சின்களில் ஒரு சில்லில் றப்பர் வளையம் இருக்கும். ஏற்றத்தில் வழுக்காமல் பிடிப்பதற்கு. அதில் ஸ்பிரிட் படவிடாதீர்கள். அது வெடித்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ புதிதாக மாற்றுங்கள்.

பெட்டிகளின் பிளாஸ்டிக் சில்லுகள் தண்டவாளத்தில் கறுப்புப் பூச்சு விடும். முடிந்தால் உலோகச் சில்லுக்கு மாற்றுங்கள். பாரமும் கூடும், பெட்டி புரளுவதும் குறையும். ஒரே பெட்டி ஒரே பொயின்ற்றில் திரும்பத் திரும்பப் புரண்டால், ஓர் அச்சில் உள்ள இரு சில்லுகளின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். அது சுமார் 40 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் சில்லு அச்சில் நகர்ந்துவிட்டது.

எஞ்சினின் உள்ளே

ஸ்டைன்ஸ் போன்ற சிறு எஞ்சினின் அமைப்பு எளிமையானது. நடுவில் மோட்டார். அதன் இரு முனையிலும் மரை வெட்டிய தண்டு. அது இரண்டு அச்சுகளிலும் உள்ள பற்சில்லுகளைச் சுற்றும். அடித்தட்டைக் கழற்றினால் எல்லாம் தெரியும். கழற்றுவதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள்: ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள், வெள்ளைத் துணி விரியுங்கள், திருகாணிகளை முட்டைப் பெட்டியில் வரிசையாகப் போடுங்கள்.

சில்லின் பின்பக்கத்தில் வில்லுச்சுருளோடு ஒரு சிறிய கரித்துண்டு அழுத்திக்கொண்டு நிற்கும். சில்லுகளுக்கு இடையில் தண்டவாளத்தைத் தொட்டு வழுக்கும் உலோகச் சப்பாத்தும் இருக்கும். இரண்டும் மின்சாரம் எடுப்பவை, இரண்டும் தேய்பவை. கரித்துண்டு சில்லை எட்டவில்லையென்றாலோ சப்பாத்தில் ஓட்டை விழுந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். அடித்தட்டைத் தூக்கும்போது வில்லுச்சுருள் பாய்ந்துவிடும். கையால் மூடிக்கொண்டு தூக்குங்கள்.

பற்சில்லுக்குப் பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று எழுதிய கிறீஸ் போடுங்கள்; பல் மறையாத அளவு போதும். அச்சு முனைகளுக்கு ஊசி முனையில் எடுத்த ஒரு துளி எண்ணெய். கூடிய எண்ணெய் மண்ணைச் சேர்த்து அரைக்கும் பசையாகிவிடும். தேங்காய் எண்ணெய் போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அது சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். ஐரோப்பியத் தோட்டத்தில் அது பூட்டுப் போட்ட மாதிரி.

ஓடும்போது ஒரே தாளத்தில் “டிக், டிக்” என்று சத்தம் வந்தால் பற்சில்லு வெடித்திருக்கலாம், அல்லது ஒரு பல் உடைந்திருக்கலாம். ஒட்டிப் பார்க்க வேண்டாம், அந்தப் பசை நிற்காது, புதியது போடுங்கள். புகை விடும் எஞ்சின் என்றால், புகைத் திரவம் இல்லாமல் புகையை ஓட விடாதீர்கள். உள்ளே உள்ள சூடாக்கி கருகிவிடும்.

பிழையைத் தேடும் ஒழுங்கு

பெரியப்பாவின் கொப்பியில் முதல் பக்கத்தில் இருப்பது இந்த ஒழுங்குதான். எஞ்சினைத் திறப்பது கடைசி வேலை.

1. ட்ரான்ஸ்போமரின் வெளியீட்டை மல்ரிமீற்றரால் பாருங்கள். அதில் மின் வராவிட்டால் அங்கேயே நில்லுங்கள்.
2. மின்சாரம் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் பாருங்கள்.
3. பாதையின் ஆகத் தூரமான இடத்தில், எஞ்சின் மின்சாரம் இழுக்கும்போது பாருங்கள். பெரிய வித்தியாசம் என்றால் பிழை மூட்டுகளில்.
4. எஞ்சினைக் கவிழ்த்து, இரண்டு வயர்களால் நேராகச் சில்லுகளுக்கு மின்சாரம் கொடுங்கள். ஓடினால் எஞ்சின் நலம், பிழை பாதையில்.
5. ஓடாவிட்டால் மட்டும் திறந்து, மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டு, 9 வோல்ட் பற்றரியை மோட்டாரில் தொடுங்கள். சுற்றினால் பிழை கரித்துண்டிலோ வயரிலோ. சுற்றாவிட்டால் மோட்டார்.

டிஜிட்டல் கட்டுப்பாட்டுப் பலகை உள்ள எஞ்சின் என்றால் 5ஆவது படியில் வயர்களைக் கழற்றுவது மிக முக்கியம். பற்றரியின் மின்சாரம் பின்பக்கமாக அந்தப் பலகைக்குள் போனால் அது பழுதாகும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. தண்டவாளத்தில் இருப்பது 24 வோல்ட் அளவிலான குறைந்த மின்சாரம். ட்ரான்ஸ்போமருக்குள் போவது வீட்டு மின்சாரம். ட்ரான்ஸ்போமர் எப்போதும் நனையாத இடத்தில் இருக்க வேண்டும். குறைந்த மின்சாரம் மட்டுமே வயர் வழியாகத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ட்ரான்ஸ்போமரைத் திறந்து திருத்த முயலாதீர்கள்.

எடுத்து வைக்கும்போதும் வாங்கும்போதும்

மாரிக்கு உள்ளே எடுத்து வைக்கும் முன் பற்றரிகளைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் தொடுப்புகளைத் தின்றுவிடும். பழைய பெட்டிகளில் உள்ள ஸ்பொஞ்ச் காலப்போக்கில் உருகி நிறப்பூச்சில் ஒட்டும். பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். றப்பர் வளையம் தட்டையாகாமல் இருக்க எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்க வைக்கலாம். கடலோர உப்புக் காற்றில் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும்.

பழையது வாங்கும்போது சந்தைக்கு ஒரு 9 வோல்ட் பற்றரியும் இரண்டு வயரும் கொண்டுபோங்கள். பலகை இல்லாத பழைய எஞ்சின் என்றால் அங்கேயே சில்லில் தொட்டுப் பார்க்கலாம். அழுக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது துடைத்தால் போகும். தொலைந்த பாகங்களையும் வெடித்த பற்சில்லையும்தான் பார்த்து விலை பேச வேண்டும்.

கொப்பி

எங்கள் பாதையில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்பு வரை இணைந்தது. போர்க்காலத்தில் அந்தத் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. எங்கள் வீட்டு பங்கருக்கு மேலேயும் ஒரு துண்டு தண்டவாளம் கிடந்தது. அப்பப்பா தட்டிச் சரிபார்த்த லைனின் துண்டாகவும் அது இருந்திருக்கலாம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது நல்ல இரும்பு” என்றார்.

புதிய பாதை வந்த பிறகு அவர் ஊருக்கு ஒரு தடவை வந்து, கொடிகாமத்தில் இறங்கி, மேடையில் நின்று ரயிலைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துவிட்டுப் போனார். இனிப் பயணம் செய்ய அவருடைய உடம்பு இடம் கொடுக்காது.

நான் திரும்புவதற்கு முதல் நாள் பாதை முழுவதும் துடைத்து, இரண்டு மூட்டுகளுக்குச் செப்புக் கம்பி போட்டு, புதிய கரித்துண்டு மாட்டி, எஞ்சினை வைத்தோம். அது அப்பிள் மரத்தைச் சுற்றி வந்தது. தூரத்து வளைவிலும் வேகம் குறையவில்லை. பெரியப்பாவின் பேத்தி, பத்து வயது, வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாள். பிழையைத் தேடும் ஐந்து படிகளையும் நான் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல, அவள் அதை ஜேர்மனில் அந்தக் கொப்பியிலேயே, பெரியப்பாவின் தமிழ்க் குறிப்புக்குப் பக்கத்தில் எழுதினாள். நான்காவது படியில் “ஏன் கவிழ்க்க வேண்டும்?” என்று கேட்டாள். பெரியப்பா எஞ்சினைத் தன் நடுங்கும் கைகளாலேயே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார்.

போன கிழமை அவள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கொப்பியின் புதிய பக்கம். திகதி, அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜேர்மன் சொல். அகராதியில் பார்த்தேன். ‘துடைத்தது’ என்று இருந்தது.